ரவை டப்பாவுல வண்டு, அப்பா கண்ணுல கருப்புக் கண்ணாடி

போன ஞாயித்துக்கிழமை காலைல உப்புமா கிண்டலாம்னு ரவை டப்பாவைத் திறந்தேன், உள்ள பொடிப்பொடியா செங்காவி கலர்ல வண்டு ஓடிட்டு இருக்கு. வேற யாரா இருந்தாலும் ச்சீன்னு மூஞ்சைச் சுளிச்சிருப்பாங்க, நான் என்னடான்னா டப்பாவை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துட்டு போய் அஞ்சு நிமிஷம் பாத்துட்டே நின்னேன். ஏன்னா இதே வண்டை ரெண்டு வருஷம் சம்பளம் வாங்கிட்டு வளத்தவ நான். பெங்களூர்ல வடக்குப் பக்கம் ஒரு லேப்ல ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட்டா இருந்தப்போ, கோதுமை மாவுல நூத்துக்கு அஞ்சு பங்கு ஈஸ்ட் கலந்து, 30 டிகிரில இன்குபேட்டர்ல வெச்சு, தேதி எழுதி லேபிள் ஒட்டி அவ்ளோ மரியாதையா வளத்தோம். இப்போ மத்திகெரே வாடகை வீட்டு அலமாரில ஓசிலயே வளருது.

அப்பா ஊர்லேருந்து வந்து பத்து நாளாச்சு. எங்களுக்கு பாலக்கோடு பக்கம், தக்காளியும் கத்திரியும் போடுறாரு. வலது கண்ணுல புரை ஆபரேஷன் முடிஞ்சு கருப்புக் கண்ணாடியோட ஹால்ல உக்காந்திருக்காரு, டிவி பாக்கக் கூடாது, குனியக் கூடாது, தூசில போகக் கூடாது, ஆக வாய் ஒண்ணுதான் ஃப்ரீயா இருக்கு.

"என்ன பாப்பா, அடுப்பைப் பத்த வைக்காம ஜன்னல்கிட்ட நிக்கிற?"

"ரவைல வண்டுங்கப்பா."

"சலிச்சுட்டு வெயில்ல காய வெய்யி, அதைப் போய் என்னத்த பாக்குற."

"இல்லைங்கப்பா, இதுக்குத்தான் நான் லேப்ல ஊசி போட்டுட்டு இருந்தேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "வண்டுக்கு ஊசியா? ஏன், காய்ச்சலா?"

சிரிப்பு வந்தாலும் ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா நான் என்ன வேலை பண்ணேன்னு வீட்ல ஒழுங்கா சொன்னதே இல்ல. சொந்தக்காரங்க கேட்டா "பொண்ணு பெங்களூர்ல மருந்து கம்பெனில இருக்கா"ன்னு அம்மா முடிச்சிடுவாங்க. சரி இன்னிக்கு டிவியும் இல்ல, எங்கயும் போகவும் முடியாது, மாட்டினாருன்னு உக்காந்து சொல்ல ஆரம்பிச்சேன்.

லேப்ல சேந்த புதுசுல எல்லாருக்கும் கை பழகறதுக்குன்னு ஒரு வேலை குடுப்பாங்க. இந்த மாவு வண்டோட கடைசிப் பருவப் புழுவை ஐஸ் மேல வெச்சா ஜில்லுன்னு ஆடாம கிடக்கும், கண்ணாடிக் குழாயைச் சூடு பண்ணி இழுத்த ஊசி இருக்கும், முடியை விட மெல்லிசு, மைக்ராஸ்கோப்ல பாத்துட்டே புழு உடம்புல துளியூண்டு ஏத்தணும். உள்ள போறது விஷம் இல்ல, இரட்டை இழை ஆர்என்ஏ. லாக்கேஸ் 2ன்னு ஒரு ஜீன் இருக்கு, வண்டோட தோலை இறுக்கிக் கெட்டியாக்கி காவி கலர் ஏத்துறது அதோட வேலை, நம்ம ஊசில இருக்கிறது அந்த ஒரு ஜீனுக்குப் பொருந்துற எழுத்துக்கள் மட்டும். ஊசி போட்ட புழு கூட்டுப்புழுவாகி அப்புறம் வண்டா வரும்போது பாக்கணும், சாதாரணமா ரெண்டு மூணு நாள்ல காவி ஏறிடும்ல, இது ஏறவே ஏறாது. வடிச்ச சாதப் பருக்கைக்குக் கால் முளைச்ச மாதிரி வெள்ளையா, மெத்துனு, ஓடு இறுகாமயே கிடந்து செத்துப்போகும். 2005லயே வேற ஒரு குழு செஞ்சு காட்டின விஷயம்தான், ஆனா என் கையால முதல் வெள்ளை வண்டு வந்த அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடவே இல்ல, அதுக்கு சந்தோஷம் காரணமா வேற எதாவதான்னு இன்னும் தெரியல.

"அதோட ஜீனையே மாத்திட்டியா?"ன்னாரு அப்பா.

இங்கதான் எல்லாரும் தடுமாறுவாங்க. அப்பாவுக்கு எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன், நாலு வருஷம் வரப்புத் தகராறுல ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நடையா நடந்தவரு, அதுலயே சொன்னேன். ஜீன்ங்கிறது மூலப்பத்திரம் மாதிரிங்கப்பா, பீரோவுக்குள்ள பூட்டி இருக்கு, அது வெளிய வராது. வேலை நடக்கணும்னா அதுலேருந்து ஒரு நகல் எடுத்து வெளிய அனுப்பணும், அந்த நகலைப் பாத்துத்தான் செல்லு புரதம் செய்யும். அந்த நகல்தான் எம்ஆர்என்ஏ. நாங்க பீரோ பக்கமே போகல, பத்திரம் அப்படியே இருக்கு, வெளிய வர்ற நகலை மட்டும் வழியிலயே கிழிச்சுப் போடுறோம். வர வர கிழிச்சா வேலை எப்படி நடக்கும்?

"யாரு கிழிக்கிறா, நீயா?"

நான் இல்ல, வண்டே கிழிச்சுக்குது. அதான் இதுல அழகு. நகல்னா ஒத்தை இழையாத்தான் இருக்கும், ரெட்டை இழையா நீளமா ஆர்என்ஏ எதாவது வந்தா வைரஸ் உள்ள பூந்துடுச்சுன்னு செல்லு முடிவு பண்ணிடும். உடனே டைசர்னு ஒரு புரதம் வந்து அதை 21 எழுத்து அளவுக்குத் துண்டு துண்டா நறுக்கும், அந்தத் துண்டை ஆர்கோநாட்னு இன்னொரு புரதம் கைல வெச்சுக்கிட்டு, இதோட பொருந்துற நகல் எங்க கிடைச்சாலும் வெட்டும். நாம குடுத்த துண்டு அதோட சொந்த ஜீன்லேருந்து எடுத்ததுன்னு அதுக்குத் தெரியாது பாவம், வைரஸை விரட்டுறதா நெனச்சுட்டு தன் வீட்டு நகலையே வெட்டிட்டு இருக்கும்.

அப்பா கண்ணாடியை லேசா தூக்கி இடது கண்ணால பாத்தாரு. "நம்ம வி.ஏ.ஓ. ஆபீஸ் மாதிரி இருக்கு." கிளாஸ்ல எம்.எஸ்சி பசங்களுக்கு இதே விஷயத்தை மூணு ஸ்லைடு போட்டு சொன்னாலும் அந்த ரியாக்‌ஷன் வராது.

இது கண்டுபிடிச்ச கதையும் சொன்னேன், ஏன்னா எனக்கே ரொம்பப் பிடிச்ச கதை. லால்பாக் ஃப்ளவர் ஷோல ஊதாவா கூம்பு கூம்பா பூத்திருக்குமே பெட்டூனியா, அமெரிக்கால ரிச்சர்ட் ஜார்கென்சனும் கூட இருந்தவங்களும் அதோட ஊதாவை இன்னும் அடர்த்தியாக்கலாம்னு கலர் ஜீனை இன்னொண்ணு சேத்து வெச்சாங்க. ஊதா கூடணும்ல? நூத்துக்கு 42 செடில பூ வெள்ளை வெளேர்னு, இல்லன்னா பட்டை பட்டையா வந்துது. 1990ல பேப்பர் வந்தப்போ யாருக்கும் காரணம் புரியல. அப்புறம் 1998ல ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ரெண்டு பேரும் ஒரு மில்லிமீட்டர் நீள மண்புழு மாதிரி ஜந்து ஒண்ணுல, ரெட்டை இழை ஆர்என்ஏதான் இதைக் கிளப்பி விடுதுன்னு காமிச்சாங்க, எட்டே வருஷத்துல 2006ல நோபல். நோபல் எல்லாம் பல்லு போன அப்புறம் குடுக்கிற ஊர்ல எட்டு வருஷம்ங்கிறது எக்ஸ்பிரஸ் டெலிவரி. இதுல இன்னொரு தமாஷ், ஹவாய்ல வைரஸ் தாங்குற பப்பாளின்னு 1998லயே விக்க ஆரம்பிச்சிட்டாங்க, அதுக்குள்ள வேலை செஞ்சது இதே நகல் கிழிக்கிற வேலைதான், ஜீன் சைலன்சிங்னு சொல்வாங்க.

"சரி பாப்பா, வண்டைப் பிடிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஊசி போடவா முடியும் காட்டுல?"

அதான் கேள்வி. தின்ன வெச்சு உள்ள அனுப்பணும். 2007ல ஒரே நேரத்துல ரெண்டு ரிசல்ட் வந்துச்சு. ஒண்ணு அமெரிக்கால மக்காச்சோள வேரைத் தின்னுற வண்டு, நஷ்டத்தைப் பாத்து அங்க அதுக்கு பில்லியன் டாலர் பூச்சின்னே பட்டப்பேரு, சோளச்செடிக்குள்ளயே ரெட்டை இழை ஆர்என்ஏ உண்டாகிற மாதிரி பண்ணி வேரைக் கடிச்ச புழுவை சாகடிச்சாங்க. இன்னொண்ணு ஷாங்காய்ல, பருத்திக் காய்ப்புழு. எனக்கு ரெண்டாவதுதான் ரொம்பப் பிடிக்கும். பருத்திச்செடி தன்னைக் காப்பாத்திக்க காஸிபால்னு ஒரு விஷம் வெச்சிருக்கு, காய்ப்புழுகிட்ட அதை முறிக்கிற ஜீன் இருக்கு, இவங்க அந்த முறிவு ஜீனை மட்டும் வாயடைச்சாங்க. புழுவை நேரா அடிக்கவே இல்ல, செடியோட விஷத்தை செடியே பயன்படுத்திக்கட்டும்னு விட்டுட்டாங்க, புழு வளர்ச்சி குன்றிப்போச்சு.

அந்த சோளம் அமெரிக்கால 2017ல அனுமதி வாங்கி 2022ல சந்தைக்கு வந்துது, பிடின்னு (Bt) ஒரு பாக்டீரியாலேருந்து எடுத்த, பூச்சியைக் கொல்ற பழைய புரதங்களோட இந்த ஆர்என்ஏவையும் சேத்து. செடில ஜீனைச் சேக்காம மேல ஸ்ப்ரே பண்ற மாதிரி முதல் மருந்து 2023 டிசம்பர்ல அங்கயே ரிஜிஸ்டர் ஆச்சு, கலாந்தான்னு பேரு, கொலராடோ உருளைக்கிழங்கு வண்டுக்கு. டிடிடிலேருந்து ஆரம்பிச்சு 50க்கும் மேல மருந்தைப் பழகித் தின்னு ஏப்பம் விட்ட வண்டு அது. இந்த ஆர்என்ஏ, வண்டோட செல்லுல குப்பை அள்ளுற புரோட்டியாசோம்னு ஒரு மெஷினுக்கு வேண்டிய ஒரு பாகத்தோட நகலைக் கிழிக்குது, குப்பை சேந்து சேந்து வண்டு தீனியை நிறுத்திட்டு செத்துடுது. நல்லவேளை அந்த வண்டு நம்ம நாட்டுல இல்ல.

"தேனீ?"ன்னாரு அப்பா. அவரு எப்பவும் அதைக் கேப்பாரு, பக்கத்துக் காட்டுல பூசணிக்கு ஒருத்தர் பூ நேரத்துல மருந்தடிச்சு காயே பிடிக்காம போனதுலேருந்து. எழுத்து பொருந்தினாத்தான் வெட்டும்ங்கப்பா, அதனால மருந்தை டிசைன் பண்ணும்போதே தேனீ, பொறிவண்டு இதுங்களோட ஜீன் வரிசையோட ஒத்துப்பாத்து, பொருந்தாத இடமா எடுப்பாங்கன்னேன். நம்ம வயித்துக்குள்ள போனா சாதாரண சாப்பாட்டுல இருக்கிற ஆர்என்ஏ மாதிரி செரிச்சுடும், மண்ணுலயும் சில நாள்லயே மக்கிடும். அப்பாவுக்கு இது ரொம்ப நல்லா இருந்துது, "அப்போ எடுத்துட்டு வா, அடுத்த பட்டத்துக்கு அடிப்போம்"னுட்டாரு.

இங்கதான் நான் பேச்சை நிறுத்திட்டு உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கப் போனேன். ஏன்னா அடுத்தது என்னோட சோகக் கதை.

வண்டுல கை பழகின அப்புறம் எனக்குக் குடுத்த நிஜமான வேலை, தக்காளிக் காய்ப்புழு. அப்பாவோட எதிரி, அதனால ஆசையா எடுத்துக்கிட்டேன். காய்ப்புழுவை வளக்கிறது மாவு வண்டு மாதிரி ஈசி இல்ல, ரெண்டை ஒண்ணா விட்டா ஒண்ணை ஒண்ணு தின்னுடும், அதனால ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கிண்ணம். தீனிக்கு கடலைமாவு, ஈஸ்ட், வைட்டமின், அகார் எல்லாம் காய்ச்சி ஊத்தணும், லேப் முழுக்க பஜ்ஜிக்கடை வாசனை, மதியம் பதினொண்ணரைக்கே பசிக்கும். ஆர்என்ஏவை விலை குடுத்து வாங்க முடியாது, அதனால ஈ கோலை பாக்டீரியால ஒரு வகை இருக்கு, ரெட்டை இழையை வெட்டுற நொதி இல்லாதது, அதுக்குள்ள தயார் பண்ணி தீனில கலந்து குடுத்தேன். தினமும் காலைல ஒவ்வொரு புழுவா எடுத்து எடை போடணும். ஆர்என்ஏ தின்ன புழு, தின்னாத புழு, ரெண்டும் ஒரே எடை. சில நாள் தின்னது கொஞ்சம் கொழுகொழுன்னு வேற இருக்கும். ஜீனை மாத்திப் பாத்தேன், அளவைக் கூட்டிப் பாத்தேன், பதினோரு மாசம்.

கடைசில ஒருநாள் எரிச்சல்ல புழுவோட குடல் சாறை எடுத்து அதுல ஆர்என்ஏவைப் போட்டு, கொஞ்ச கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்து ஜெல்ல ஓட்டினேன், ஆர்என்ஏ முழுசா இருந்தா அதுல கோடா தெரியும். ஆரம்பத்துல எடுத்ததுல கோடு பளிச்னு இருக்கு. அஞ்சு நிமிஷத்துல மங்கிடுச்சு. அரை மணில சுத்தமா துடைச்சு விட்ட மாதிரி ஒண்ணுமே இல்ல. அந்த ஜெல் ஃபோட்டோவைப் பாத்துட்டு அழுகை வரல, நிம்மதியா இருந்துது, என் கை தப்பு இல்ல, அதோட வயிறு அப்படி.

மாவு வண்டு, உருளை வண்டு, சோள வேர் வண்டு எல்லாம் வண்டு ஜாதி, அதுங்க குடல்ல ஆர்என்ஏ கொஞ்சம் தாங்கும், செல்லுக்குள்ளயும் போகும், ஒரு இடத்துல போட்டா உடம்பு முழுக்க பரவும், தாய் வண்டுக்கு ஊசி போட்டா குஞ்சுல கூட தெரியும். அந்துப்பூச்சிப் புழுக்கள் கதையே வேற, ஷாங்காய் காய்ப்புழுல பலிச்ச மாதிரி எப்பவும் பலிக்காது. குடல் சுண்ணாம்புத் தண்ணி மாதிரி காரமா இருக்கும், பிஎச் ஒன்பது பத்துன்னு, அதுலயே ஆர்என்ஏ நொந்துடும், மேல நறுக்குற நொதிங்க வேற காத்துட்டு இருக்கும், தப்பிச்சு செல்லுக்குள்ள போனாலும் ஒரு பைக்குள்ள மாட்டிக்கிட்டு டைசர் பக்கம் வரவே வராது. இப்போ நம்ம ஊரு எதிரிங்க யாருன்னு எண்ணிப் பாருங்க, தக்காளிக் காய்ப்புழு, கத்திரி காய்த்துளைப்பான், பருத்தி இளஞ்சிவப்புப் புழு, 2018ல கர்நாடகால கால் வெச்சு ஊரெல்லாம் மக்காச்சோளத்தை மேஞ்ச படைப்புழு, எல்லாமே அந்துப்பூச்சி ஜாதி. அமெரிக்காகாரனுக்கு வண்டு வாய்ச்சுது, நமக்குப் புழு வாய்ச்சுது.

சாறு உறிஞ்சுற பூச்சிக்கு வேற பஞ்சாயத்து. வெள்ளை ஈக்கு லக்னோவுல தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்துல புகையிலைச் செடிக்குள்ள ஆர்என்ஏ உண்டாக்கி நல்ல பலன் பாத்திருக்காங்க, ஆனா மேலாப்ல ஸ்ப்ரே பண்ணா இலை மேல நிக்குமே தவிர அது உறிஞ்சுற சாறுக்குள்ள சுலபமா போகாது. வெயில், மழைல ரெண்டு மூணு நாள் தாங்குறதே பெரிசு. ஆஸ்திரேலியால குவீன்ஸ்லாந்து யுனிவர்சிட்டில இதுக்கு ஒரு நல்ல வழி கண்டாங்க, களிமண் மாதிரி மெல்லிசுத் தகடுல ஆர்என்ஏவை ஒட்டி அடிக்கிறது, 2017ல வைரசுக்குப் பண்ணப்போ ஒரு தடவை அடிச்சது இருபது நாள் வரைக்கும் செடியைக் காப்பாத்துச்சு, அப்புறம் வெள்ளை ஈக்கும் செஞ்சு காட்டினாங்க. அந்த வேலை எனக்கு நம்பிக்கை குடுக்குது.

இதெல்லாம் உப்புமா சாப்பிட்டுட்டே சொன்னேன். நடுவுல ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி சல்லடை குடுக்க வந்தாங்க, "ஏனு, ஹுளானா?"ன்னு டப்பாவை எட்டிப் பாத்தாங்க. நம்ம புழுதான் அவங்க ஹுளா, நம்ம பல்லு ஹல்லு, பாலு ஹாலு. அப்பாவுக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது, ஆனா "ஹுளா ஹுளா"ன்னு பத்து நிமிஷம் ரெண்டு பேரும் பூச்சியைத் திட்டி முடிச்சு சம்பந்தி மாதிரி ஆயிட்டாங்க.

ஆன்ட்டி போன அப்புறம் அப்பா கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி, என் ப்ராஜெக்ட் மீட்டிங்ல ரெண்டு வருஷத்துல ஒருத்தரும் கேக்காதது. "அடிச்சா எத்தனை நாள்ல சாகும்?"

வண்டா இருந்தா தீனி குறையவே ரெண்டு மூணு நாள், சாக ஒரு வாரம் கூட ஆகலாம்னேன். நகலைக் கிழிச்சாலும் ஏற்கனவே செஞ்சு வெச்ச புரதம் தீரணும்ல.

"ஒரு வாரமா? பாப்பா, காலைல மருந்தடிச்சா சாயந்தரம் கீழ பூச்சி விழுந்து கிடக்கணும், அப்பதான் மனுசன் தூங்குவான். விழலன்னா மறுநாள் போய் கடைக்காரன் சட்டையைப் பிடிப்பான். அதுவும் கத்திரில புழு காய்க்குள்ள போய் கதவைச் சாத்திக்கும், நீ மேல பன்னீரே தெளிச்சாலும் அதுக்கென்ன?"

அவரு வாரத்துக்கு ரெண்டு தடவை கத்திரிக்கு அடிக்கிறாரு, அவரே சொல்லுவாரு நம்ம வீட்டுக்குத் தனியா ரெண்டு பாத்தி அடிக்காம விட்டிருக்கோம்னு. கத்திரிக்கு பிடி கொண்டுவர முயற்சி பண்ணி, பெங்களூர் உள்பட ஏழு ஊர்ல கூட்டம் போட்டு கருத்துக் கேட்டு 2010 பிப்ரவரில நிறுத்தி வெச்சாங்க. அப்பாவுக்கு அது நல்லதா கெட்டதான்னு இன்னும் ஒரு முடிவு இல்ல. ஒரு நாள் நல்லவேளைங்கிறாரு, மருந்துக் கடை பாக்கி ஏறின அன்னிக்கு "குடுத்திருக்கலாம்"ங்கிறாரு.

இதுவும் பூச்சிக்குப் பழகாதான்னு கேட்டாரு. பழகும். லேப்ல திரும்பத் திரும்ப ஆர்என்ஏ குடுத்து சோள வேர் வண்டைத் தேர்ந்தெடுத்துப் பாத்தாங்க, சில தலைமுறைல தாங்குற கூட்டம் வந்துடுச்சு, அது ஜீனை மாத்திக்கல, குடல் செல்லு ஆர்என்ஏவை உள்ளயே விடல. அதனால அந்த ஒரு ஆர்என்ஏ மட்டுமில்ல, வேற எந்த ஜீனுக்குக் குடுத்தாலும் வேலைக்கு ஆகல. அப்பா சொன்னாரு, "நகலைக் கிழிக்கிற ஆளையே கேட்டுக்குள்ள விடல." ஆமாங்கப்பா.

என்னைக் கேட்டா, இந்த வேலைல ரெண்டு வருஷம் இருந்துட்டு சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க, நான் பாத்ததுலயே சுத்தமான வெற்றி ஜீன் வழியா வரல, குளவி வழியா வந்துது. 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளில வெள்ளை வெள்ளையா மாவுப்பூச்சி வந்துச்சே, எங்க வீட்டுக் கிணத்துமேட்டு மரம் கூட பஞ்சு சுத்தின மாதிரி ஆகி செத்துது, எந்த மருந்துக்கும் அடங்கல. 2010ல போர்ட்டோ ரிக்கோலேருந்து கொசுவை விடச் சின்னதா ஒரு குளவியைக் கொண்டுவந்து இங்க ஹெப்பாள்ல மத்திய அரசு பூச்சிப் பணியகத்துல பெருக்கிக் குடுத்தாங்க, அது மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வெச்சு அதோட கதையை முடிச்சிடுச்சு, அப்புறம் யாரும் மருந்தடிக்க வேண்டியே வரல. பெல்லாரி ரோட்டுல ஏர்போர்ட் பஸ்ல போறவங்க ஆயிரம் தடவை அந்த கேட்டைத் தாண்டிருப்பாங்க. ஜீன் சைலன்சிங் வேணாம்னு சொல்லல, குளவி போகாத இடத்துக்கு, மருந்து தோத்த வண்டுக்கு அது வரட்டும், ஆனா காய்ப்புழுவுக்கு இதோ வந்துடுச்சுன்னு யாராவது எழுதினா என்னால அந்த ஜெல் ஃபோட்டோவை மறக்க முடியாது.

புதன்கிழமை செக்கப்ல டாக்டர் ஊருக்குப் போலாம்னுட்டாரு. கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி, "அந்த வெள்ளை வண்டு ஃபோட்டோ இருக்கா பாப்பா?"ன்னு கேட்டாரு. பழைய ஹார்ட் டிஸ்க்ல தேடி எடுத்து வாட்ஸ்ஆப்ல அனுப்பினேன், காவி வண்டு பக்கத்துல வெள்ளை வண்டு, ரெண்டும் ஒரே வயசு. கண்ணாடியைக் கழட்டிட்டு புதுக் கண்ணால ஃபோனை தூர தள்ளி கிட்ட இழுத்து ரொம்ப நேரம் பாத்தாரு. ரவையை ரெண்டு தடவை சலிச்சு பாதியை அவரு பைல போட்டு அனுப்பிட்டேன், மீதி டப்பாவுல கிராம்பு போட்டு வெச்சிருக்கேன்.

நேத்து சாயந்தரம் ஃபோன். ஊர்ல மருந்துக்கடைல அந்த ஃபோட்டோவைக் காமிச்சிருக்காரு, கடைக்காரரு நல்லா உத்துப் பாத்துட்டு, "அண்ணே, சூப்பரா வெளுத்திருக்கே, எந்த கம்பெனி மருந்து, லிட்டர் என்ன விலை?"ன்னு கேட்டாராம்.